உன் மாமா ஒருநாளும் குடித்ததில்லை

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னைச் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. "உன்னை யாரும்மா அங்க வாயைத் திறக்கச் சொன்னது?" என்று கேட்டாய். நான் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் வைத்துவிட்டாய். மூன்று முறை திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். முப்பத்தோரு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள் நான். கோபம் வந்தால் எனக்குப் பேச்சு குழறும், எழுத்து மட்டும் கோர்வையாக வரும். இப்போது நல்ல கோபத்தில் இருக்கிறேன். உன் மேல் கோபம், உன் பெரியப்பா மேல் கோபம், நம் ஊர் மேல் கோபம். எல்லாவற்றையும் கூட்டினாலும் என் மேல் எனக்கு இருக்கும் கோபத்துக்கு ஈடாகாது. யாருடைய பெயரையும் போடாமல்தான் எழுதுகிறேன். நீ சரி என்று சொன்னால் இதை நாலு பேர் படிக்கக் கொடுப்பேன். பொழுது சாய்ந்தால் தடுமாறுகிற பிள்ளை எந்த வீட்டிலும் இருக்கலாம், அவன் அம்மாவும் என்னைப் போலவே முட்டாளாக இருக்கலாம்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா இல்லாததால், நானும் உன் பெரியப்பாவும் நாள் குறிப்பதற்காக எறையூருக்குப் பெண் வீட்டுக்குப் போனோம். பேச்சுக்கு நடுவில் பெண்ணின் அப்பா உன் தாய்மாமனைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பதில் சொல்லப்போய், மசங்கின பொழுதில் உனக்குக் கண் தெரியாது என்பதையும் நான் சொல்லும்படி ஆனது. உன்னிடம் கேட்காமல் சொன்னது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அது எப்பேர்ப்பட்ட பாவமாகியிருக்கும் என்று உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியாமல் வளர்த்தவளும் நான்தான்.

உன் மாமா இருபத்தாறு வயதில் எப்படி இருந்தார் என்று நீ பார்த்ததில்லை. உடையார்பாளையம் பக்கத்தில் எங்கள் ஊரில் டிராக்டர் ஓட்டத் தெரிந்த இளவட்டங்கள் நாலைந்து பேர்தான். அதில் உன் மாமா கைதான் சுத்தமான கை என்பார்கள். ஒரு கரும்பு சீசனில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருடைய டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்தார். எப்போதும் வெயில் இருக்கும்போதே லோடை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார். அன்றைக்கு வெட்டு முடிய நேரமாகிவிட்டது. பொழுது மசங்குகிற நேரத்தில் வாய்க்கால் கரையில் வந்தபோது டிரெய்லரோடு வண்டி சரிந்தது. மேலே உட்கார்ந்திருந்த வெட்டாளுக்குக் கால் முறிந்துவிட்டது. மறுநாள் காலையில் ஊரைக் கூட்டினார்கள். "எவ்வளவுடா ஊத்திக்கிட்டே?" என்றுதான் முதல் கேள்வியே. "குடிக்கலைங்க. பொழுது மசங்கிடுச்சு, வாய்க்கால் எனக்குத் தெரியலைங்க" என்றார் உன் மாமா. கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். "எங்களுக்கெல்லாம் தெரியுற வாய்க்கால் உனக்கு மட்டும் தெரியலையோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வண்டி சாவியை வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு யாரும் அவர் கையில் ஒரு வண்டியைக் கொடுக்கவில்லை. கால் முறிந்த ஆள் நடக்க ஆரம்பிக்கும் வரைக்கும் உன் மாமா தினமும் காலையில் போய் அந்த வீட்டுக்குத் தண்ணீர் எடுத்து ஊற்றிவிட்டு வந்தார். அதையும், குடித்துவிட்டுச் செய்த பாவத்தைக் கழுவுகிறான் என்றுதான் பேசினார்கள்.

அப்புறம் அவர் எது செய்தாலும் அதுவே ஆகிவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்தில் தெருவில் கல் தடுக்கி விழுந்தால் குடி. எதிரில் வருகிறவரை யாரென்று தெரியாமல் பேசாமல் போனால் குடித் திமிர். சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், உள்ளே உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டான். 'ஆறுமணி' என்று பெயர் வைத்தார்கள். ஆறுமணி வீடு, ஆறுமணி முந்திரித் தோப்பு, ஆறுமணி தங்கச்சி. ஆமாம், நான்தான் அந்தத் தங்கச்சி. டீச்சர் வேலை கிடைத்த பிறகும் எங்கள் ஊருக்குப் போனால் எனக்கு அதுதான் அடையாளம். அவமானத்தில் நான் குமைந்தேன் தம்பி. ஒருநாள் நான் அவரை முற்றத்தில் நிற்க வைத்து, "எங்க, வாயை ஊது அண்ணே" என்றேன், போலீஸ்காரன் மாதிரி. என்னைவிட மூன்று வயது மூத்தவர், எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், குனிந்து என் மூக்குக்கு நேராக ஊதினார். வெற்றிலை வாசம்தான் வந்தது. வாசமே வராத சரக்கு ஏதோ ஒன்று இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். படித்தவளின் மூளை வேலை செய்த லட்சணத்தைப் பார்.

அவருக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. இரண்டு இடம் கூடி வந்து, ஊரில் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனது. அவர் இன்றைக்கும் தனியாகத்தான் பொங்கித் தின்கிறார் என்றால் அதற்குக் காரணம் இதுதான், வேறு ஒன்றுமே இல்லை.

உன் காதுகுத்துக்கு வருகிறேன். இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. உனக்கு மூன்று வயது. குலதெய்வம் கோயிலில் காலை பத்து மணிக்கு வைத்திருந்தோம். தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் அப்பாவின் ஆட்கள் முன்னால் என் அண்ணன் தள்ளாடிவிடக்கூடாது என்று, என் பெரியம்மா மகனை முதல் நாளே தனியாகக் கூப்பிட்டு நீ மடியில் வைத்துக்கொள் என்று ஏற்பாடு செய்துவிட்டேன். உன் அப்பா, பாவம், "உங்க அண்ணன் என்ன நினைப்பாரு?" என்று கேட்டார். நான்தான் ஒரே பிடியாக நின்றேன். உன் மாமா புது வேட்டி கட்டிக்கொண்டு, தோடு, துணிமணி, பழம் எல்லாம் ஏழு தட்டில் வைத்துக்கொண்டு வந்தார். பட்டப்பகல். வெயில் சுள்ளென்று அடிக்கிறது. அவர் ஒரு இடத்தில்கூடக் கால் பிசகாமல் படியேறி வந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். "இந்தா அண்ணே, நீ பந்தியில போய் உட்காரு, இங்க வேற ஆள் சொல்லியாச்சு" என்றேன். தட்டுகளை ஒவ்வொன்றாகக் கீழே வைத்தார். உன் தலையைத் தொட்டார். சாப்பிடாமல் போய்விட்டார். காதில் குத்தும்போது நீ அழுதாய். நான் உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது உன் கதை. உனக்குப் பத்து வயது. தா.பழூரில் டியூஷன் முடித்துச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தாய். மழைக்காலம், சீக்கிரமே இருட்டிக்கொண்டு வந்தது. ஏரிக்கரை மதகுப் பக்கம் சைக்கிளோடு பள்ளத்தில் இறங்கிவிட்டாய். ஆள் வந்து சொல்லி நான் ஓடி வந்தேன். முழங்கை கிழிந்து ரத்தம் வடிய நின்றுகொண்டு, "தெரியலம்மா" என்றாய். நான் உன்னை அணைத்துக்கொள்ளவில்லை. நடு ரோட்டில் வைத்து அறைந்தேன். "மாமன் மாதிரியே வரப்போறியா?" என்று கத்தினேன். நீ அதற்குப் பிறகு தெரியவில்லை என்ற வார்த்தையையே சொல்லாமல் விட்டுவிட்டாய். அது எனக்கு எத்தனை வசதியாக இருந்தது! கரண்ட் போனால் இருந்த இடத்தை விட்டு நகர மாட்டாய். ஆறு மணிக்கு மேல் கடைக்குப் போகச் சொன்னால் வயிறு வலிக்கிறது என்பாய். சோம்பேறி, பயந்தாங்கொள்ளி, பொய்க்காரன். நான் வைத்த பெயர்கள்தான் இவை. 'ஆறுமணி' என்பதைவிட எந்த விதத்தில் குறைச்சல்?

கண்ணாடி வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதால் டவுனில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். உன் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். கிட்டப்பார்வை இருக்கிறது என்று கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தார். "மசங்கின நேரத்துல தடுமாறுறான் சார்" என்றேன். மறுபடியும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "உள்ள விழித்திரை எல்லாம் பளிச்சுன்னு இருக்கு டீச்சர். ஒரு கோளாறும் இல்லை. பசங்க இப்படித்தான் நடிப்பானுங்க, இடம் கொடுக்காதீங்க" என்றார். உன் கண்ணுக்குள் பார்த்தாரே தவிர, உன்னிடம் ஒரு கேள்வி கேட்டாரா? 'தம்பி, உனக்கு என்னப்பா தெரியுது?' என்று கேட்க எத்தனை நேரம் ஆகும்? நானாவது கேட்டேனா? அப்புறம் தெருவில் எல்லோரும் வைத்தியம் சொன்னார்கள். ஈரல், முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, பப்பாளி. மாலைக்கண் என்றால் சத்துக் குறைவுதான் என்று நானே வகுப்பில் நடத்தியவள் ஆயிற்றே. ஒரு வருஷம் உன்னைக் கீரையாலேயே அடித்தேன். ஒன்றும் மாறவில்லை. "டீச்சர் வேலைக்குப் போறவளுக்குப் புள்ளைக்கு ஆக்கிப் போட ஏது நேரம்?" என்று பக்கத்து வீட்டில் பேசினார்கள். எல்லாக் குற்றமும் கடைசியில் ஒரு பொம்பளையின் அடுப்பில் வந்துதான் விழும்.

உனக்குப் பதினான்கு வயதில் மதுரைக்கு ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு சின்ன வயது டாக்டரம்மா. அவர்தான் முதன்முதலாக என்னைப் பார்க்காமல் உன்னைப் பார்த்துக் கேட்டார். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாம் தெரியுதுங்க" என்றாய். என் பயத்தில் பொய் சொன்னாய். அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு பரிசோதனை செய்யலாம், அதற்கு முன்னால் அரை மணி நேரம் இருட்டறையில் இருக்க வேண்டும் என்றார். நானும் கூட வந்து உட்கார்ந்தேன். முதலில் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. பத்துப் பதினைந்து நிமிஷம் போனதும் கதவின் கீழிடுக்கில் நூல் மாதிரி ஒரு வெளிச்சம் தெரிந்தது. அப்புறம் நாற்காலியின் முதுகு. அப்புறம் உன் சட்டைக் காலர். அப்போது நீ, "அம்மா, இருக்கியா?" என்றாய். நான் உனக்கு எதிரில் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். "கதவு எந்தப் பக்கம் இருக்கு சொல்லு" என்றேன். நீ கையை நீட்டிச் சுவரைக் காட்டினாய்.  நான் அழுவது உனக்குக் கேட்டுவிடக் கூடாது என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

கண்ணில் மெல்லிய ஒயர் வைத்து, விளக்கை விட்டு விட்டு மின்ன வைத்து, உன் விழித்திரை எப்படிப் பதில் சொல்கிறது என்று கோடாக வரைந்து எடுத்தார்கள். டாக்டரம்மா அந்தக் காகிதத்தை என் முன்னால் விரித்தார். கோடு முதலில் கீழே இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு மலை மாதிரி மேலே ஏற வேண்டும், ஏறவே இல்லை. "டீச்சர், இந்த இறக்கம்தான் செல் வெளிச்சத்தைப் பிடிச்சதுக்கு அடையாளம். அது சரியா இருக்கு. இந்த ஏத்தம் அடுத்த செல்லு அதைக் கேட்டுக்கிட்டதுக்கு அடையாளம். அது இல்லை. இவன் கண்ணு பார்க்குது. பார்த்ததை அடுத்த செல்லுக்குச் சொல்ல முடியலை" என்றார். எனக்குப் புரியவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பலகையில் கண்ணை எத்தனை நூறு தடவை வரைந்திருப்பேன். ஒளி விழித்திரையில் விழுகிறது, நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. அவ்வளவுதான் பாடம். அந்தப் 'போகிறது' என்ற ஒரு வார்த்தைக்குள் எத்தனை காரியம் இருக்கிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அவர் எனக்குப் பாடம் நடத்தினார். விழித்திரையில் மங்கல் வெளிச்சத்துக்கென்று இருக்கிற செல் இருட்டில் சும்மா இருப்பதில்லையாம். குளுட்டமேட் என்ற ஒரு வேதிப்பொருளை நுண்ணிய பைகளில் நிரப்பி, நுனியில் நாடா போன்ற ஓர் அமைப்பில் வரிசையாக மாட்டி வைத்துக்கொண்டு, ஓயாமல் வெளியே விட்டுக்கொண்டே இருக்குமாம். வெளிச்சம் பட்டதும் அந்தச் சுரப்பு குறையும். அந்தக் குறைச்சலைத்தான் அடுத்த செல் வெளிச்சம் என்று எடுத்துக்கொள்ளும். பை திறந்து பொருள் வெளியே வர வேண்டுமானால் செல்லுக்குள் கால்சியம் நுழைய வேண்டும். அதற்கு ஒரு வாசல் உண்டு. அந்த வாசலே ஒரு புரதம். கால்சியம் வந்துவிட்டது என்று உணர்வதற்கு ஒரு புரதம், பையையும் செல்லின் சுவரையும் முறுக்கி இழுத்து ஒட்ட வைப்பதற்குச் சில புரதங்கள். இத்தனை பேர் சேர்ந்து வேலை செய்தால்தான் ஒரு மனுஷனுக்கு வாய்க்கால் தெரியும். உனக்கு அந்த வாசல் புரதம் சரியாக அமையவில்லை. கால்சியம் போதுமானபடி நுழைவதில்லை. இருட்டில் சுரப்பே கொஞ்சம்தான், அது இன்னும் குறைந்தால் அடுத்த செல்லுக்கு என்ன தெரியப்போகிறது? விளக்கடித்துப் பார்த்தால் விழித்திரை பளிச்சென்றுதான் இருக்கும், ஏனென்றால் கோளாறு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இல்லை. கீரை தின்றால் சரியாகாது. இப்போதைக்கு மருந்தும் இல்லை. ஆனால் வயது ஏற ஏற இது மோசமாகாது என்றார். நான் மூச்சு விட்டேன்.

அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "இது அம்மா வழியா ஆம்பளப் புள்ளைக்கு வர்றது. உங்களுக்கு ஒண்ணும் செய்யாது, நீங்க சுமந்துகிட்டு மட்டும் இருப்பீங்க. உங்க கூடப் பிறந்த அண்ணன் தம்பி யாருக்காவது இப்படி மசங்கினா தெரியாம இருக்கா?" அண்ணன் குரல்தான் எனக்குக் கேட்டது. வாய்க்கால் தெரியலைங்க. வாய்க்கால் தெரியலைங்க. எத்தனை வருஷமாகச் சொன்னார்! பின்னால் என் ரத்தத்தையும் உன் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்து, டாக்டரம்மா சொன்னது சரிதான் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஊருக்கு வந்த மறுநாளே உன் மாமாவிடம் போனேன். முந்திரித் தோப்பில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வாசல், கால்சியம், பை எல்லாம் சொன்னேன். காலில் விழப் போனேன். எட்டி நின்றார். அழுவார், இல்லாவிட்டால் என்னைத் தேற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு வந்தது கோபம். அந்த மனிதருக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. "நான் சொன்னப்ப நம்பலை. ஒரு மெசினு சொன்னாத்தான் நம்புவீங்களா?" என்றார். "நீயும் ஒரு தடவ மதுரைக்கு வாண்ணே, டெஸ்ட் பண்ணிடலாம்" என்றேன். "எனக்கு எதுக்குத் தாயி டெஸ்டு? எனக்குத் தெரியாததுதான் எனக்குத் தெரியுமே. பண்ணணும்னா ஊருக்குப் பண்ணு" என்று சொல்லிவிட்டுச் சருகைக் கூட்ட ஆரம்பித்துவிட்டார். இன்றுவரை பரிசோதனை செய்துகொள்ளவில்லை. அவருக்கும் இதேதான் என்று என்னிடம் காகிதம் இல்லை. ஆனால் எனக்குச் சந்தேகமும் இல்லை.

தம்பி, இதுவரை சொன்னதெல்லாம் அறியாமல் செய்தது. இனிமேல் சொல்வது அறிந்தே செய்தது. அன்றைக்கு நான் ஊரைக் கூட்டி, என் அண்ணன் குடிகாரன் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன்? அவருக்கு என்ன என்று சொன்னால், 'அப்ப உன் மவனுக்கும் அதானா?' என்று கேட்பார்கள். நாளைக்கு உனக்குப் பெண் கிடைக்காது. அதனால் பதினான்கு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். உனக்கு நல்ல பெயர் இருக்கட்டும் என்று அவரை 'ஆறுமணி'யாகவே விட்டுவைத்தேன். அவரும் யாரிடமும் சொல்லவில்லை, உனக்காகத்தான். இது உனக்கும் தெரியும். தெரிந்துதான் போன மாதம், "மாமாவைக் கல்யாணத்துல முன்னாடி நிறுத்த வேணாம்மா, பேச்சு வரும்" என்று என்னிடம் சொன்னாய். அன்றைக்கே உன்னைத் திட்டியிருக்க வேண்டும். உன் குரலில் என் குரலே கேட்டது. 

இப்போது எறையூர். பெண்ணின் அப்பா மரியாதையான மனிதர். காபி கொடுத்து, பஞ்சாங்கத்தைப் பிரிக்கிறதற்கு முன்னால் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். உங்க அண்ணன் ரொம்பக் குடிப்பாருன்னு கேள்விப்பட்டோம். வண்டியைக் கவுத்து ஒரு ஆளு காலை ஒடச்சுட்டாராமே. மாப்பிள்ளைக்கும் அந்தப் பழக்கம் ஏதும்..." உன் பெரியப்பா முந்திக்கொண்டார். "அட, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. மாப்பிள்ளை சொக்கத்தங்கம். அவங்க மாமன் மட்டும்தான் அப்படி. நாங்களே அவரைச் சேர்க்கிறதில்லை. கல்யாணத்துக்கும் வர மாட்டாரு" என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிக் கண்ணைக் காட்டினார். பெண்ணின் அப்பா முகம் தெளிந்துவிட்டது. பஞ்சாங்கத்தைப் பிரித்தார். அவ்வளவுதான், நான் தலையை ஆட்டினால் போதும், எல்லாம் முடிந்தது. என் அண்ணனை இன்னும் ஒரு தடவை வாய்க்காலில் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான்.

என்னால் முடியவில்லை. "எங்க அண்ணன் ஒருநாளும் குடிச்சதில்லைங்க" என்றேன். உன் பெரியப்பா, "டீச்சரம்மா" என்று பல்லைக் கடித்தார். "பேசாம இருங்க. முப்பது வருஷத்துக்கு மேல பேசாம இருந்தாச்சு" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் அண்ணனுக்கு என்ன, உனக்கு என்ன, பகலில் உன்னால் என்ன முடியும், பொழுது சாய்ந்தால் என்ன முடியாது, ராத்திரியில் நீ வண்டி ஓட்டக் கூடாது என்பது, வயது ஏற ஏற இது மோசமாகாது என்பது எல்லாம். உனக்குப் பிறக்கிற ஆண்பிள்ளைக்கு உன்னிடமிருந்து இது வராது, பெண்பிள்ளை என்னைப் போலச் சுமப்பாள், அவளுடைய மகனுக்கு வரலாம் என்பதையும் விடாமல் சொன்னேன். பெண்ணின் அப்பா பஞ்சாங்கத்தை மூடினார். கோபப்படவில்லை. "யோசிச்சுச் சொல்றோம் டீச்சர்" என்றார். உன் பெரியப்பா எனக்கு முன்னால் வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். அவர்தான் வழியிலிருந்தே உனக்குப் போன் செய்திருக்கிறார். நான் சம்பந்தத்தைக் கெடுத்த கதையைச் சொன்னவர், அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியாது.

நான் வாசல் தாண்டி நடக்கும்போது அந்தப் பெண் பின்னாலேயே ஓடி வந்தாள். அழுதிருந்தாள். "ஒரு நிமிஷம் நில்லுங்க அத்தை" என்றாள். கல்யாணம் நிற்குமோ நடக்குமோ என்று இருக்கிற நேரத்தில் அத்தை என்று கூப்பிட்டாள் பார். "அவரு என்னைப் பார்க்க மூணு தடவை பெரம்பலூர் வந்தாரு. அஞ்சு மணியானா வாட்சைப் பார்க்க ஆரம்பிச்சுடுவாரு. பேசிக்கிட்டிருக்கிறப்பவே பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிடுவாரு. அவருக்கு என்னைப் பிடிக்கலையோன்னு எனக்கு இருந்துச்சு. வேலை பார்க்கிற கோயம்புத்தூர்ல வேற யாராவது இருக்காங்களோன்னுகூட நினைச்சேன். எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா?" என்றாள். பெரம்பலூரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற பெண், நான் உள்ளே சொன்னது முழுக்க அவளுக்குப் புரிந்திருந்தது. "கண்ணு தெரியாததுக்கு நான் ஒண்ணும் சொல்லலைங்க அத்தை. ரெண்டு மாசமா தினமும் பேசுறாரே, இதை ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டாள்.

 தெரியவில்லை என்று சொன்னதற்காக நடு ரோட்டில் அறை வாங்கிய பிள்ளை எப்படியம்மா சொல்வான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. உனக்கு இருபத்தெட்டு வயதாகிறது. என் அறைக்குப் பின்னால் நீ இன்னும் எத்தனை நாள் ஒளிந்துகொண்டிருப்பாய்? "அதை அவன்தான் சொல்லணும், அவனைக் கேளு" என்றேன். "நான் கேட்க மாட்டேங்க. அவரே வந்து சொல்லணும். அப்பாவை நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அங்கிருந்து நான் வீட்டுக்கு வரவில்லை. நேராக எங்கள் ஊருக்குப் பஸ் ஏறினேன். டீக்கடை வாசலில், பெஞ்சு நிறைய ஆட்கள் இருக்கும்போது, என் அண்ணனுக்கு என்ன என்று சத்தமாகச் சொன்னேன். சிலர் நம்பினார்கள். ஒருவர், "இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு இதெல்லாம்?" என்றார். அந்தக் காலத்தில் வாய்க்கால் கேள்வியைக் கேட்டுச் சிரித்தவருடைய மகன் அவர். "உங்க அப்பா சிரிச்சதுக்குத்தான்" என்றேன். உன் மாமாவிடம் போய், கல்யாணம் எப்போது நடந்தாலும், யாரோடு நடந்தாலும் நீதான் முன்னால் நிற்க வேண்டும் என்றேன். அவர் சரி என்று சொல்லவில்லை. "அவன் வந்து கூப்பிடட்டும்" என்றார். ஆக இரண்டு பேரும் உனக்காகக் காத்திருக்கிறார்கள். எனக்கு இதில் இனிமேல் ஒரு வேலையும் இல்லை.

நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அறைந்ததற்கும், அதைவிட உன்னைப் பொய்க்காரனாக வளர்த்ததற்கும். எறையூரில் பேசியதற்குக் கேட்க மாட்டேன். பெரம்பலூரில் அந்தப் பெண்ணுக்கு நாலரைக்கு வேலை முடிகிறது. போனில் பேசி முடித்துவிடாதே. நேரில் போ. ஐந்து மணிக்கு எழுந்திருக்காதே, உட்கார்ந்து பேசு. பொழுது நன்றாக மசங்கட்டும். அப்புறம் உன் கையைப் பிடித்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி, நீயே வாய்விட்டு அவளிடம் கேள்.

அம்மா